ஒத்துக்கொள்ளாத மஞ்சள் மாத்திரை

போன மாதம் ஒரு ராத்திரி, ரங்கூனில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மோல்மீனிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். குழந்தைக்குத் தயாராகலாம் என்று அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் என்ற பி வைட்டமின் மாத்திரை வாங்கி வந்திருந்தாள். "அக்கா, அந்த மஞ்சள் மாத்திரையை நிறுத்திட்டேன். எனக்கு ஒத்துக்கல. எங்க அத்தைக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்றாள். நான் யோசிக்காமல், "அதெல்லாம் நிறுத்தக் கூடாதும்மா, சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்றேன். "சரிக்கா" என்றாள். பேச்சை முடித்துக்கொள்வதற்காகச் சொன்ன சரி என்பது எனக்கே கேட்டது. போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லோரும் எனக்குச் சொன்ன அதே வார்த்தையை, அதே அவசரத்தோடு, நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை அப்போது எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. மாத்திரையை ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொடுத்தது.

அதனால் இதை எழுதுகிறேன். அவளுக்காக ஆரம்பித்தது. அவளைப் போல இன்னும் எத்தனை பேர் அட்டையில் பாதி மாத்திரையோடு அலமாரியை மூடியிருப்பார்கள் என்று நினைத்தபோது நீண்டுவிட்டது.

எனக்கு அந்த மாத்திரை ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2018இல் நான் முதல் முறை உண்டானேன். இருபதாவது வாரத்து ஸ்கேனில், பேசிக்கொண்டே கருவியை நகர்த்திக்கொண்டிருந்த டாக்டரின் கை ஓரிடத்தில் நின்றது. பேச்சும் நின்றது. பிள்ளையின் முதுகுத்தண்டு கீழே ஓரிடத்தில் மூடவில்லை, தலையிலும் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளை தங்கவில்லை. நானும் என் கணவரும் காளியம்மன் கோயிலுக்குப் போனோம். அனவ்ரதா சாலையில், எங்கள் முன்னோர் 1871இல் கட்டிய கோயில். அங்கே நின்று, இனிமேல் கவுச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். இந்த ஊரில் கவுச்சியை விடுவது என்றால் கறியையும் மீனையும் மட்டும் விடுவதாக ஆகாது. ஙப்பியையும் விட வேண்டும். மீனைப் புளிக்கவைத்து அரைத்த அந்தக் கூழ் பர்மியச் சமையலில் பாதிக்கு மேல் கலந்திருக்கும். அதையும் விட்டேன். முட்டையையும் விட்டேன். பால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. டீயில் விழும் டப்பாப் பால் மட்டும்தான். இந்த விவரம் பின்னால் வரும்.

நரம்புக்குழாய் என்று டாக்டர்கள் சொல்வது கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்தக் குழாயிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் உருவாகின்றன. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நமக்குச் சந்தேகம் வரும்போதே அங்கே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் ஃபோலிக் ஆசிட்டை உண்டாவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் தினம் 400 மைக்ரோகிராம். என்னைப் போல ஒரு முறை அப்படிப் பறிகொடுத்தவர்களுக்கு அதைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ, 4 அல்லது 5 மில்லிகிராம். இது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன அளவு கிடையாது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் 1,817 பெண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வந்தது. எல்லோருமே முன்பு ஒரு கர்ப்பத்தில் இந்தக் குறையைக் கண்டவர்கள். தினம் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. கடையில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை என்பதால் 5.

ஆக, அந்த மாத்திரையின் மதிப்பு எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அதை விழுங்க முடியவில்லை. அதுதான் என்னை உள்ளுக்குள் தின்றது.

காலை ஆறு மணி

2022இல், மறுபடி முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தோம். என் கணவருக்குப் பயின்னவுங் சந்தையில் பருப்பு மண்டியில் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவர் சட்டையில் எப்போதும் உளுந்துத் தூசி வாசம் இருக்கும். நம்ம ஊர் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போவதுதான். எஸ்க்யூ, எஃப்ஏக்யூ என்று தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். பருப்புக்கு நடுவில் வாழ்கிற குடும்பம், பச்சைப்பயறு நூறு கிராமில் 600 மைக்ரோகிராம் ஃபோலேட், அதாவது உணவில் இருக்கும் அதே ஃபோலிக் சத்து, இருக்கிறதாமே, இந்த வீட்டுப் பெண்ணுக்கு ஃபோலிக் மாத்திரை எதற்கு என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்கு காய்ந்த பயறுக்கு. வேகவைத்தால் கொஞ்சம் வெப்பத்தில் போகும், கொஞ்சம் வடித்த நீரில் போகும். மிஞ்சியதிலும் உடம்பு ஏற்பது ஒரு பங்கு. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அதைவிட நன்றாக ஏறும். 5 மில்லிகிராமைப் பருப்பிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் கிலோக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும்.

அவர் கிளம்பும் நேரத்தில் நானும் எழுந்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் டீயோடு எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிடுவது வழக்கமாயிற்று. பல நாள் அப்போது கரண்ட் இருக்காது. போன் வெளிச்சத்தில் தேடி எடுப்பேன்.

முதல் வாரமே நாக்கின் அடியில் ஒரு கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்று துப்பிய பிறகு தங்குமே, அந்த மாதிரி. பத்து மணிக்குள் குமட்டல். சாயங்காலம் வயிறு மத்தளம் போல உப்பிக்கொள்ளும். இரண்டாவது வாரத்தில் மலச்சிக்கல். மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஒரு நாள் கணவர் வாங்கிவந்த முருங்கைக்காய் முற்றல் என்பதற்காக அழுதேன், முருங்கைக்காய்க்காக. அதற்கும் முன்னாலிருந்தே பாதத்தில் ஒரு மதமதப்பு இருந்தது. செருப்பைக் கழற்றிய பிறகும் கழற்றாதது போல இருக்கும். எல்லாவற்றையும் அந்த மஞ்சள் மாத்திரையின் கணக்கில்தான் எழுதினேன்.

எங்கள் அத்தை, என் மாமியார், கெட்ட மனதுக்காரர் கிடையாது. ஆனாலும் "சத்து மாத்திரைதானே, விஷமா என்ன? ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்த கிளினிக்கில் சொல்லிப் பார்த்தேன். அங்கே இருந்தவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லோரும் சாப்பிடுகிறார்கள், உங்களுக்கு மனபயம் என்றார். பக்கத்து வீட்டில் தலசீமியா உள்ள பையன் இருக்கிறான், பத்து வயது. அந்த நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிய, எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். அதற்கு ஃபோலேட் நிறையச் செலவாவதால் அவனுக்குத் தினம் இதே 5 மில்லிகிராம் மாத்திரை. நினைவு தெரிந்த நாள் முதல் சாப்பிடுகிறான். ஒரு நாள் அவன் அதை மிட்டாய் போல வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் விளையாட ஓடினான். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பையனுக்கு ஒத்துக்கொள்வது எனக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே என் மனதுதான் காரணமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து நிறுத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை. அட்டையிலிருந்து தினம் ஒரு மாத்திரையை எடுத்து, தலையணை உறைக்குள் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன். நாற்பது நாள். காகிதம் கனமாகிக்கொண்டே போயிற்று. இந்த மாதம் உண்டாகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம், மறுபடி சாப்பிட்டால் வரும் குமட்டலின் பயம் மறுபக்கம். பிள்ளை வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டே, மாதவிலக்கு வந்தபோது நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஒரு தட்டு நிறைய

கடைசியில் கணவரிடம்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மண்டியில் கூட வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி சொல்லி, தாம்வேயில் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்த பர்மியப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனார். நாங்கள் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைத்தவர், தாநகா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய கன்னம். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "நாளைக்கு உங்கள் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்து வாருங்கள். உங்களுடையது மட்டுமில்லை, எல்லோருடையதும்" என்றார்.

மறுநாள் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுபோனோம். சயாமா உள்ளே இருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைப் பிரித்துத் தட்டில் வைத்தார். நான் காலை ஆறு மணிக்கு ஒரே வாயில் போட்டுக்கொண்டது அத்தனையும் அப்போதுதான் வெளிச்சத்தில் ஒன்றாகப் பார்த்தேன். மஞ்சள் ஃபோலிக் மாத்திரை ஒன்று. ரத்தம் குறைவு என்று அதே கிளினிக்கில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை ஒன்று. அதற்குள்ளேயும் ஃபோலிக் ஆசிட் சேர்ந்திருந்தது. பல வைட்டமின் கலந்த மாத்திரை ஒன்று, அதிலும் இருந்தது. கூடவே சிங்கப்பூரிலிருந்து அண்ணி அனுப்பிய குப்பியில் இருந்த வெள்ளைக் கூட்டுக் குளிகை, அதே சத்தின் இன்னொரு வடிவமான மெத்தில்ஃபோலேட் 1 மில்லிகிராம். அதை மட்டும் ராத்திரி படுக்கும் முன்பு சாப்பிட்டுவந்தேன். "உனக்கு ஜீன்ல கோளாறா இருக்கும், சாதா ஃபோலிக் உடம்புல ஏறாது, இதுதான் நல்லது" என்று அண்ணி பாசத்தோடு சொல்லி அனுப்பியது. இது போதாதா? நாலு வழியில் ஒரே சத்து. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏழு மில்லிகிராமை நெருங்கியது. டாக்டர் சொல்லாமல் தானாகச் சாப்பிடுபவர்கள் 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 5 மில்லிகிராம் என்பதே கண்காணிப்போடு கொடுக்க வேண்டிய அளவு.

அப்புறம் சயாமாவின் கை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்கு வந்தது. அது அத்தையுடையது. அவருக்குப் பல வருடமாக முடக்குவாதம். அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் மஞ்சள் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சின்னது, இரண்டும் வட்டம், இரண்டும் மஞ்சள். அது மெதோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தவறித் தினமும் சாப்பிட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். உடம்பில் ஃபோலேட் செய்யும் வேலையைத் தடுப்பதுதான் அதன் குணம். கருவுற்ற பெண்ணும், கருவுற நினைக்கும் பெண்ணும் அதைத் தொடவே கூடாது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், அடுத்தடுத்து இருந்தன. கரண்ட் இல்லாத காலையில் போன் வெளிச்சத்தில்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சயாமா ஒன்றும் பேசாமல் அத்தையின் உறையில் மிச்சமிருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டி எண்ணினார். வாங்கிய தேதி, சனிக்கிழமைகளின் எண்ணிக்கை, மிச்சம். கணக்குச் சரியாக இருந்தது. மறுபடி ஒரு முறை எண்ணினார். அப்போதும் சரியாக இருந்தது. என் கணவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அந்த இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் இருந்த நேரம் என் வாழ்க்கையில் மிக நீளமான நேரங்களில் ஒன்று.

அதே உறையில் அத்தைக்கும் ஃபோலிக் ஆசிட் எழுதியிருந்தது. மெதோட்ரெக்ஸேட்டால் வரும் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்க, அந்த மருந்து சாப்பிடாத நாளில் கொடுப்பார்கள். நான் குமட்டல் என்று ஒளித்த மாத்திரை, அத்தைக்குக் குமட்டல் தீர்க்க வந்த மாத்திரை. இந்த இரண்டு மருந்துக்கும் இருக்கும் உறவைப் பிறகு படித்தபோது அசந்துபோனேன். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் 1945இல் ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் செய்து காட்டியது. ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்துகளும் அதே ஆய்வகத்திலிருந்து பிறந்தவைதான். ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துப் பலன் கண்டதை சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். உருவத்திலும் அவை அவ்வளவு நெருக்கம் என்பதால்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்து ஏமாற்ற முடிகிறது.

"ஙப்பி சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு?"

தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு சயாமா கேட்ட கேள்வி இது. நான் எதிர்பார்க்கவே இல்லை. நாலு வருடம் என்றேன். நேர்த்திக்கடனைச் சொன்னேன். முட்டை? இல்லை. பால், தயிர்? இல்லை. காலைக் காட்டச் சொன்னார். ஒரு இசைக்கவையைத் தட்டி என் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். வைத்திருப்பது தெரிந்தது. அதிர்வு தெரியவில்லை. கையில் வைத்தபோது நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் பி12 என்ற வைட்டமினின் அளவு 128 என்று வந்தது. 200க்குக் கீழே போனாலே குறைவு. பி12 மீன், கறி, முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. உடம்பு சேமித்து வைத்திருப்பது சில வருடம் தாங்கும், பிறகு தீரும். எனக்குத் தீர்ந்திருந்தது. சயாமா சொன்ன ஒரு விஷயத்தை இதைப் படிக்கிற சைவக்காரர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஃபோலேட்டும் பி12ம் ஒரே வேலையைச் சேர்ந்து செய்பவை. பி12 இல்லாதபோது ஃபோலிக் ஆசிட்டை அள்ளிக் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிட்டது போலத் தெரியும். பரிசோதனைத் தாள் நன்றாக இருக்கும். நரம்பு மட்டும் உள்ளே பழுதாகிக்கொண்டே போகும். என் கால் மதமதப்பு மாத்திரையால் வந்தது இல்லை. மாத்திரை அதை மூடி மறைத்திருக்கக்கூடும். முதலில் பி12, அப்புறம்தான் ஃபோலிக், அதுதான் வரிசை.

ஒன்றுவிட்டு ஒருநாள் ஊசி போட்டார்கள், இரண்டு வாரம். பிறகு இடைவெளி விட்டு விட்டு. ஙப்பி சாப்பிடச் சொல்லி சயாமா வற்புறுத்தவே இல்லை. "நேர்ந்தது உங்களுக்கும் சாமிக்கும் நடுவில். ஊசி எனக்கும் உங்களுக்கும் நடுவில்" என்றார். மதமதப்பு முழுதாகப் போக நாலு மாதம் ஆயிற்று.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அண்ணியின் குப்பியை நிறுத்தச் சொன்னார். அந்த ஜீன் மாற்றம் உலகத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அவர்கள் உடம்பும் சாதாரண ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது, நரம்புக்குழாய்க் குறையைத் தடுத்ததாகச் சோதனையில் நிரூபணமானதும் அந்தச் சாதாரண ஃபோலிக் ஆசிட்தான் என்றார். நிறுத்திய ஐந்தாவது நாள் நான் விடியும்வரை தூங்கினேன். அது குளிகையால் வந்ததா, கவலை குறைந்ததால் வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பிறகு தேடிப் படித்ததில், 1970இல் லான்செட் இதழில் ஒரு சோதனை வந்திருப்பது தெரிந்தது. நல்ல உடம்போடு இருந்தவர்களுக்குத் தினம் 15 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்ததில் தூக்கக்கேடு, எரிச்சல், வயிற்றுக் கோளாறு எல்லாம் வந்து சோதனையையே பாதியில் நிறுத்தினார்களாம். பின்னால் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனைகளில் அப்படி வரவில்லை. ஆக, விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். நான் சொன்னதையே எனக்கு முன்னால் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதை ஒருவர் உட்கார்ந்து எழுதியும் வைத்திருக்கிறார்.

குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் காரணம் அந்தச் சிவப்பு மாத்திரை. இரும்புச்சத்து வெறும் வயிற்றில் பலருக்கு இப்படித்தான் செய்யும், மலமும் கறுப்பாகும். போதாததற்கு நான் டீயோடு விழுங்கியிருக்கிறேன். டீ இரும்பை உடம்பில் சரியாக ஏறவிடாது. பாடு மட்டும் பட்டேன், பலன் கிடைக்கவில்லை. இரும்பின் சேமிப்பு எவ்வளவு என்று தனியாகப் பரிசோதித்து, குறைவுதான் என்று உறுதியான பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், டீயிலிருந்து தள்ளி, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எடுக்கச் சொன்னார். ஒருநாள் விட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்கிறதாம்.

கடைசியாகத்தான் மஞ்சள் மாத்திரை திரும்பி வந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. முதல் பத்து நாள் அரை மாத்திரை மத்தியானம், அரை மாத்திரை ராத்திரி. அந்தச் சமயத்தில் உண்டாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என் கணவர் மண்டியிலிருந்து ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கங்களில் உளுந்து மூட்டைக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து நான் எழுத ஆரம்பித்தேன்: தேதி, எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை, என்ன செய்தது. ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது என்பது சயாமாவின் கண்டிப்பு. செய்தால் எது எதனால் என்று தெரியாமல் போகும். மூன்றாவது வாரம் அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது குமட்டல் என்ற வார்த்தை இரண்டே இடத்தில் இருந்தது, இரண்டும் சாப்பாடு தள்ளிப்போன நாள். உப்புசம் முதல் எட்டு நாள் இருந்து தானாக அடங்கியிருந்தது. வாய்க்கசப்பு மட்டும் போகவே இல்லை. சிலருக்கு அது இருக்கும், ஆபத்தில்லை என்றார். மாத்திரை போட்டதும் ஒரு துண்டு பனைவெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்வேன். இந்த ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் செய்வதுதானே.

ஒத்துக்கல என்றால்

நம் பேச்சில் ஒத்துக்கொள்வது என்பதற்கு இரண்டு அர்த்தம். மருந்து உடம்புக்குச் சேருவதையும் சொல்வோம், குற்றத்தை ஒப்புக்கொள்வதையும் சொல்வோம். அந்த நாற்பது நாளில் எனக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. மாத்திரை ஒத்துக்கல என்று சொல்வதே ஏதோ தப்பை ஒத்துக்கொள்வது போல இருந்தது. ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், அடுத்த பிள்ளைக்கான மருந்தையும் சாப்பிட முடியாதவள். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். பாதுகாப்பான மாத்திரை என்று எல்லோரும் சொன்னது உண்மை. இதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் குறைவு. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டதில்தான் தவறு. என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, கூட என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சயாமா கேட்டார். அதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லாமல் தலையணைக்குள் ஒளித்தேன்.

இந்தச் சத்தின் கதையே ஒரு பெண் மற்ற பெண்களைக் கேட்கப் போனதில் தொடங்கியதுதான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நம் ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வதிலும் வேலை செய்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதில் இருந்தது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து, 1941இல், நாலு டன் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்துத்தான் ஃபோலிக் ஆசிட்டைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள்.

என் மகள் 2024இல் பிறந்தாள். முதுகெல்லாம் சரியாக இருக்கிறது. இருபதாவது வாரத்து ஸ்கேனில் டாக்டரின் கை நிற்காமல் நகர்ந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாத்திரையால்தான் என்று சொல்லமாட்டேன். 72 சதவீதம் என்றால் மீதி 28 இருக்கிறது, அந்த 28இல் வந்தவர்களும் தாய்மார்கள்தான். அவர்கள் மேல் எந்தப் பழியும் போய் விழக் கூடாது.

சித்தப்பா மகளுக்கு இரண்டு நாள் கழித்து நானே போன் செய்தேன். "அன்னைக்கு அவசரமா பேசிட்டேன்மா. இப்போ சொல்லு, என்ன செய்யுது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு முக்கால் மணி நேரம் பேசினாள். அரிப்பு, தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சு திணறுவது ஏதாவது உண்டா என்று முதலில் கேட்டேன். அது ஒவ்வாமை, உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. வலிப்புக்கோ வேறு எதற்கோ மருந்து சாப்பிடுகிறாயா என்றேன். சில வலிப்பு மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவை ஃபோலிக் ஆசிட் குறைத்துவிடும், அதை டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதுவும் இல்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றேன். காலையில் எழுந்ததும், டீயோடு என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு தட்டுல வச்சு போட்டோ எடுத்து அனுப்பு. டாக்டர்கிட்டயும் அந்தத் தட்டோடயே போ" என்றேன்.

நேற்று சாயங்காலம் வைபரில் படம் வந்தது. வாழையிலைத் துண்டு விரித்த தட்டில் நாலு மாத்திரை. மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, பழுப்பு ஒன்று, பாதி வெள்ளை பாதி பச்சையில் ஒரு குளிகை. ஒவ்வொன்றின் கீழேயும் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். தட்டைப் பிடித்திருந்த கை அவளுடையது இல்லை. தோல் சுருங்கி, இரண்டு பழைய தங்க வளையல் போட்ட கை. அவள் அத்தையின் கை.